மாதம் இரண்டு மணி நேரம்

தண்டையார்பேட்டை
07.02.2024

மகிழினிக்கு,

கர்த்தர் உன்னையும் குழந்தையையும் காப்பாராக.

என் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். கடைச் சிட்டையைத் தவிர வேறு எதற்கும் நான் பேனா பிடித்து வெகு காலம் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை மகிமாவைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய் இருந்தது. வாட்ச்மேன் வந்து, "பெர்சு, பாப்பாவோட அம்மா கம்ப்ளைண்ட் குட்துகீறாங்க. இங்க நிக்கக் கூடாது, அப்பால போ" என்றான். நாற்பது வருடமாக இந்த ஊரில் மொத்த மளிகைக் கடை நடத்துகிறவன் நான். என்னைக் கையைப் பிடித்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டான். என் சொந்தப் பேத்தி ஆட்டோவில் ஏறுவதை பஸ் ஸ்டாப்பில் நின்று, யாரோ எவனோ போலப் பார்த்தேன்.

ஜெபசிங் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. எனக்கு இருந்த ஒரே ஆண்பிள்ளை. அவனுக்கு மிச்சம் இருப்பது இந்தக் குழந்தைதான். அடக்கத்தன்றுதான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். அவனுடைய நெற்றி, அவனுடைய முன்கோபம். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய் இல்லை.

என் வக்கீலிடம் பேசினேன். தாத்தாவுக்கு என்று தனியாகச் சட்டம் எழுதி வைக்கவில்லையாம். ஆனால் குழந்தையின் நலனைப் பார்த்து, பார்க்க அனுமதிக்கக் குடும்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்கிறார். அந்த வாசல்வரை என்னை நடக்க வைக்காதே. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த பிறகு குழந்தையைக் கடைக்கு அனுப்பிவை. சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடச் சொல்கிறேன்.

பத்து நாளில் பதில் இல்லையென்றால் மனு போடுவேன்.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
14.02.2024

தேவப்பிரியம் அவர்களுக்கு,

கவரின் மேல் "மகிழினி, த/பெ லட்சுமணன்" என்று எழுதியிருந்தீர்கள். நான் உங்கள் மகனின் மனைவி. ரேஷன் கார்டிலிருந்து அவருடைய இறப்புச் சான்றிதழ்வரை மகிழினி ஜெபசிங் என்றுதான் இருக்கிறது. அடுத்த கவரும் இப்படி வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவேன். என் மகளின் பெயரும் மகிமா இல்லை, மதி. அவள் அப்பா வைத்த பெயர்.

போனில் ஏன் பேசவில்லை என்றால், கோபம் வந்தால் எனக்கு எங்கள் தெருப் பேச்சுதான் வரும், அது உங்கள் காதுக்கு ஒத்துக்கொள்ளாது. எழுத்தில் இருப்பதே நல்லது. கன்டெய்னர் யார்டில் ஆவணம் பார்க்கிற வேலை எனக்கு. தாள் சரியாக இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட கேட்டுக்கு வெளியே விடமாட்டோம்.

உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காத தேதி ஒன்று இருக்கிறது. 2017 டிசம்பர் பதினொன்று. அத்தை, உங்கள் மனைவி, இறந்த நாள். நான் ஏழு மாதம். உங்கள் மகன் மட்டும் வீட்டுக்குள் போனார். நான் தெருமுனையில் ஆட்டோவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "அவ உள்ள வந்தா பெட்டியத் தூக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ" என்று உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆட்டோ டிரைவர் எனக்கு வாங்கிக் கொடுத்த சோடாதான் அன்றைக்கு உங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த மரியாதை. அப்போது என் வயிற்றுக்குள் இருந்ததும் உங்கள் சதைதான். அது ஏன் ஆடவில்லை?

உங்கள் மகன் இறந்தபோது உடலை உங்கள் சபைக் கல்லறைக்கே கொடுத்தேன். வாய் திறக்காமல் கொடுத்தேன். மகளைக் கொடுக்க மாட்டேன்.

பார்க்க வேண்டுமா? வாருங்கள். ஹவுசிங் போர்டு, பி பிளாக், மூன்றாம் மாடி. நான் வேலைக்குப் போகாத எந்த நாளிலும் வரலாம். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பேத்தியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். வேறு நிபந்தனை கிடையாது.

மகிழினி ஜெபசிங்


தண்டையார்பேட்டை
26.02.2024

மகிழினிக்கு,

கவரில் நீ கேட்டபடி எழுதிவிட்டேன்.

உன் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும் என்கிறாய். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வெளியே எங்கும் கை நனைப்பதில்லை. பேத்தியைப் பார்ப்பதற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? இது வீம்பு. துக்க வீட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லியிருப்பார்கள். மனைவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

மனு தாக்கலாகிவிட்டது. உனக்குச் சம்மன் வரும்.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
20.04.2024

தேவப்பிரியம் அவர்களுக்கு,

சம்மன் வந்தது. மனுவை முழுதாகப் படித்தேன். ஒன்பதாவது பத்தியை மூன்று முறை படித்தேன். "குழந்தை தற்போது வளரும் சூழலும் சேர்க்கையும் தகாதவை, மனுதாரரின் குடும்பப் பாரம்பரியத்துக்குப் பொருந்தாதவை."

என்ன சூழல்? நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பூவம்மா அவளுக்குச் சோறு போடுகிறார். என் தம்பி அன்பரசன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, கண் எரிய எரிய அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறான். எங்கள் வீட்டில் சாமி படம் இல்லை. புத்தர் சிலையும் புத்தகங்களும் இருக்கின்றன. இதில் எது தகாதது? வக்கீல் எழுதினார் என்று சொல்லாதீர்கள். கீழே கையெழுத்து உங்களுடையது.

உங்கள் மகன் ஒருநாள் சொன்னார். உங்கள் சபையில் திருவிருந்து நாளில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பீர்களாம். முன்னால் குடித்தவர் யார் என்று கேட்க மாட்டீர்களாம். அந்தப் பழக்கத்தைக் கோயில் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவீர்களோ?

கோர்ட்டில் பார்க்கலாம்.

மகிழினி ஜெபசிங்


தண்டையார்பேட்டை
09.09.2024

மகிழினிக்கு,

நீதிமன்றம் எனக்கு வழி திறந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு. டிசம்பர்வரை நீதிமன்றத்தில் இருக்கும் குழந்தைகள் அறையில். ஜனவரியிலிருந்து வெளியே அழைத்துப் போகலாம். இடைக்கால உத்தரவுதான், ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். நீ நேற்று முன்தினம் குழந்தையை உள்ளே தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாய். பரவாயில்லை. நான் உன் முகத்தைப் பார்க்க வரவில்லை.

முதல் அரை மணி நேரம் அவள் என்னிடம் பேசவே இல்லை. பிறகு நான் ஒரு வித்தை காட்டினேன். அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கையில் வாங்கி, "அறுநூத்தம்பது கிராம்" என்றேன். செருப்பைக் கொடுத்தாள், எடை சொன்னேன். பொம்மையைக் கொடுத்தாள். மூட்டையும் பொட்டலமும் தூக்கித் தூக்கிப் பழகிய கை, ஐந்து பத்து கிராம் முன்பின் இருக்கும், அவ்வளவுதான். கடைசியில் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, "இது எவ்ளோ தெரியுமா? நூறு கிலோ!" என்றாள். நான் சிரித்தேன். எத்தனை வருடம் கழித்துச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. "இன்னா தாத்தா, டூப் வுட்றியா?" என்கிறாள். "எங்க வூட்ல தராசு கீது, இட்டாந்து காட்டட்டா?" என்கிறாள். நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை. ஜெபசிங் வீட்டில் ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. கொஞ்சம் கண்டித்து வை.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
16.09.2024

தேவப்பிரியம் அவர்களுக்கு,

உத்தரவில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று இருக்கிறது. பாஷையைத் திருத்தலாம் என்று இல்லை.

ஜெபசிங் உங்கள் வீட்டில்தான் அப்படிப் பேசினார். இங்கே வந்த ஒரே வருடத்தில் "இன்னாம்மே, டீ கீதா?" என்று கேட்கிற ஆளாகிவிட்டார். சந்தோஷமாகத்தான் பேசினார்.

மிட்டாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். பல் சொத்தையாகிறது. வீட்டில் உப்பு டப்பாவிலிருந்து என் கைப்பைவரை எல்லாவற்றையும் கையில் தூக்கி எடை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை.

மகிழினி ஜெபசிங்


வியாசர்பாடி
05.01.2025

தேவப்பிரியம் அவர்களுக்கு,

எழுதுகிறேன், இது தாளில் இருந்தாக வேண்டும்.

நேற்று முதல்முறையாக அவளை வெளியே அழைத்துப் போனீர்கள். பன்னிரண்டு மணிக்குத் திருப்பி விட்டபோது என் மகளின் இரண்டு காதிலும் தங்கக் கம்மல். ஒரு காதின் கீழே ரத்தம் காய்ந்திருந்தது. கன்னத்தில் கண்ணீர்க் கோடு. "இன்னாடி இது?" என்று கேட்டேன். "தாத்தா நகைக் கடைக்கு இட்டுனு போனாரு. வலிக்காதுன்னு சொன்னாரு, வலிச்சிச்சு" என்றாள். யார் மடியில் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். "தாத்தா மடில" என்றாள்.

பிப்ரவரி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு ஏழு வயது முடிந்து காது குத்து வைத்திருக்கிறோம். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் பந்தல் போடச் சொல்லியாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, நாள் நட்சத்திரம் இல்லை. ஆனால் தாய்மாமன் மடி உண்டு. என் தம்பி அந்த ஒரு நாளுக்காக வேட்டி சட்டை எடுத்து வைத்திருந்தான்.

நேற்று சாயங்காலம் வந்து அவள் காதைப் பார்த்தான். அப்புறம், "என் மடில இன்னாக்கா கொறச்சல்?" என்று கேட்டான். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள்.

மகிழினி ஜெபசிங்


தண்டையார்பேட்டை
10.01.2025

மகிழினிக்கு,

ஒரு தாத்தா பேத்திக்குக் காதில் தங்கம் போட்டான். அதற்கு இவ்வளவு பெரிய ஆர்ப்பாட்டமா?

நாங்கள் கிறிஸ்தவர்கள். காது குத்துவதற்கு எங்களில் சடங்கு கிடையாது. குழந்தைக்கு நேரம் வந்தால் கடைக்கு அழைத்துப் போய்க் குத்திக்கொண்டு வருவோம். நீ அப்படியொரு விசேஷம் வைத்திருக்கிறாய் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன். குழந்தையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையே நீதிமன்றத்திலும் பிரமாணமாகச் சொல்வேன்.

நியாயம் பேசுகிறாயே, நானும் ஒன்று கேட்கிறேன். பத்திரிகையில் உன் அப்பா லட்சுமணன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உன் தம்பி பெயர் பூப்போட்ட கட்டத்துக்குள் இருக்கிறது. பூவம்மா என்று யாரோ ஒரு அயல்வீட்டுக்காரி பெயர்கூட இருக்கிறது. என் மகன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டிருக்கிறாய். அந்த அமரரைப் பெற்றவன் ஒருவன் உயிரோடு இருக்கிறானே, அவன் பெயர் எங்கே? பிள்ளை வானத்திலிருந்தா விழுந்தது?

பிப்ரவரி ஒன்றாம் தேதி பத்து மணிக்குக் காத்திருப்பேன்.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
17.01.2025

தேவப்பிரியம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. நகல் எடுத்து என் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

விசேஷமே தெரியாது என்கிறீர்கள். அடுத்த பத்தியில் பத்திரிகையில் யார் பெயர் எப்படி இருக்கிறது என்று வரிசையாக எழுதுகிறீர்கள். அந்தப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்தது மூன்றாம் தேதி மாலை. நாங்கள் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போனது ஒன்றே ஒன்றுதான். நான்காம் தேதி காலை மதி தன் பையில் எடுத்துப் போனாள். "தாத்தாவுக்குக் காட்டுறேன்" என்றாள். நான்தான் சரி என்றேன்.

ஆக, அவள் காட்டினாள். நீங்கள் பார்த்தீர்கள். உங்கள் பெயர் இல்லை, அன்பரசன் பெயர் இருக்கிறது. நாலு பேர் நடுவில் ஜெபசிங்கின் பிள்ளை அவன் மடியில் உட்காரப் போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் நகைக் கடை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தீர்கள். சோறுகூட இல்லாமல் மறைக்கப் பார்த்ததுதான் தப்பு.

தாய்மாமன் முறை தெரியாதவர் இல்லை நீங்கள். உங்கள் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் பஸ் தாமதமாகிறது என்று ஊர்வலத்தையே இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தவர். ஜெபசிங் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

உங்கள் பெயர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தோம். ஜெபசிங் ஆசையாகப் போடச் சொன்னார். அதை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது யார்? அவர் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அறுநூறு பத்திரிகையிலும் உங்கள் பெயரின் மேல் தன் கையாலேயே வெள்ளைத் தாள் ஒட்டினார். நானும் உட்கார்ந்து ஒட்டினேன். அந்தத் தாள் இன்னும் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான்.

காது குத்து நின்றுபோனது. பத்திரிகைக் கட்டு அலமாரியில் கிடக்கிறது. முதலாம் தேதி குழந்தை வரமாட்டாள். என்ன செய்வீர்களோ செய்யுங்கள்.

மகிழினி ஜெபசிங்


தண்டையார்பேட்டை
24.03.2025

மகிழினிக்கு,

பிப்ரவரி வந்தேன். மார்ச்சும் வந்தேன். பத்திலிருந்து பன்னிரண்டுவரை நீதிமன்றக் குழந்தைகள் அறையில் அந்தச் சின்ன நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். மற்ற பிள்ளைகள் அப்பாவோடும் அம்மாவோடும் விளையாடிக்கொண்டிருந்தன. ஒரு பெண்குழந்தை என்னிடம் வந்து, "உங்க பாப்பா வர்லியா?" என்று கேட்டது.

உத்தரவை மீறுகிறாய் என்று மனு போட்டிருக்கிறேன். நீ என் கடிதத்தையே எனக்கு எதிராகக் கொடுத்திருக்கிறாய். நீ எழுதச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. மாமனாரைக் கூண்டில் ஏற்றி "உங்கள் கையால் எழுதிய தாளா இது?" என்று வக்கீலைக் கேட்க வைக்கும் மருமகளை நான் கேள்விப்பட்டதில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதையும் கொண்டுபோய்க் கொடு. அவள் பத்திரிகையைப் பிரித்துக் காட்டி, "இதுல உன் பேரு எங்க தாத்தா கீது?" என்று தேடினாள். எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பிறகு நான் செய்தது எல்லாம் கோபத்தில் செய்தது. கோபம் மட்டும்தானா என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் கேட்காதே.

எனக்கு எழுபத்திரண்டு. குழந்தையைக் காட்டு. கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே, சட்டப்படி கேட்கிறேன்.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
26.06.2025

தேவப்பிரியம் அவர்களுக்கு,

இருபதாம் தேதி தீர்ப்பு வந்தபோது நீங்கள் அறையில் இருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் மனு தள்ளுபடி. இடைக்கால உத்தரவும் ரத்து. நீதிபதி மதியைத் தனியாக உள்ளே அழைத்துக் கேட்டார். பத்திரிகையைத் தாத்தாவிடம் காட்டியதை உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறாள். உங்களுக்கு எதிராகச் சொல்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. வெளியே வந்து, "தாத்தாவப் பத்தி நல்லாத்தான் சொன்னேன்மா" என்றாள். சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவரை நம்பி இரண்டு மணி நேரம்கூடக் குழந்தையை விட முடியாது என்றார் நீதிபதி. தாத்தா பேத்தியைப் பார்ப்பது நல்லதுதான், அது இனி தாயின் விருப்பம் என்றும் சொன்னார்.

ஆகவே இனி உங்களுக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. மேல்முறையீடு போவீர்கள் என்றால் போங்கள். அதற்குள் அவளுக்கு உங்களை மறந்துபோகும்.

இப்போது என் விருப்பத்தைச் சொல்கிறேன். நான் நல்லவள் என்பதால் இல்லை. உங்களைப் பார்த்து இரக்கம் வந்ததாலும் இல்லை. ஒன்பதாவது பத்தியை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அவள் கேட்கிறாள், அதனால்தான். முதல் சனிக்கிழமை வந்தால் காலையிலேயே தலை வாரிக்கொண்டு, "தாத்தா இன்னாத்துக்கு வர்ல?" என்று கேட்கிறாள். ஐந்து மாதமாகக் கேட்கிறாள். உங்கள் மேல் இருக்கிற கோபத்தை அவள் தலையில் ஏற்றி வளர்க்க எனக்கு மனசு வரவில்லை. சில நாள் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

ஜூலை ஐந்து, சனிக்கிழமை, பத்து மணி. என் வீடு. அன்பரசனும் இருப்பான். அவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் அவன் அழுதுவிடுவான். சாப்பாடு போடுவேன். சர்க்கரைக்காரர்களுக்கு ஆகிற மாதிரிதான் சமைப்பேன், என் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு.

மகிழினி ஜெபசிங்


தண்டையார்பேட்டை
30.06.2025

மகிழினிக்கு,

ஜெயித்துவிட்டு நிபந்தனை போடுகிறாய். போடு. தோற்றவனுக்கு வாய் எதற்கு?

உரிமை என்று கேட்டபோது தலை நிமிர்ந்து கேட்டேன். இப்போது நீ போடுகிறதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் சபையில் எவனுக்காவது தெரிந்தால் என்ன சொல்வான் என்று நினைத்து இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை வருகிறேன். குழந்தையிடம் சொல்லிவிடு.

தேவப்பிரியம்


தண்டையார்பேட்டை
06.07.2025

மகிழினிக்கு,

நேற்று வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து மூட்டு வலி. கால் ஊன்ற முடியவில்லை. மூன்று மாடி ஏற முடியாது. உங்கள் கட்டடத்தில் லிஃப்டும் இல்லை. குழந்தையிடம் பக்குவமாகச் சொல். உடம்பு சரியானதும் எழுதுகிறேன்.

தேவப்பிரியம்


வியாசர்பாடி
09.07.2025

தேவப்பிரியம் அவர்களுக்கு,

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்று வராமலே எப்படித் தெரிந்தது? ஆறு மாதம் முன்பும் இப்படித்தான் எழுதி மாட்டிக்கொண்டீர்கள்.

நீங்கள் வந்தீர்கள். பத்தேகாலுக்குக் கீழே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றீர்கள். பூவம்மா பார்த்து, "யார் வூடு சாமி?" என்று கேட்டு, தன் வீட்டு நாற்காலியை எடுத்துப் போட்டிருக்கிறார். நீங்கள் உட்காரவில்லை. வெயிலில் வந்த மனிதர் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்திருக்கிறார். "கைல வாங்கினாருமா. வாங்கிக்கினு அதையே பாத்துக்கினு கீறாரு. வாய்ல வெக்கல. அப்டியே கீழ வெச்சிட்டு, கேக் பொட்டிய என் கைல குட்துட்டுப் பூட்டாரு" என்றார். மூட்டு வலிக்காரர் மெயின் ரோடுவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தீர்களாம்.

நான் இதையெல்லாம் கேட்டு ஆச்சரியப்படவில்லை. எட்டு வருடமாகத் தெரிந்ததுதான். ஆனால் நீங்கள் மேலே பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மதி மூன்றாம் மாடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மணியிலிருந்து நின்றாள். நீங்கள் தெரு திரும்பியதும் முதலில் கண்டது அவள்தான். "தாத்தா! மேல வா! மேல வா!" என்று கத்தினாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. கேட்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன், கேட்டும் போனீர்கள் என்றால் உங்களுக்கு எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

நீங்கள் போனதும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உங்களுக்காகப் போட்ட இலை காலியாகக் கிடந்தது. அன்பரசன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். "தாத்தா ஏம்மா பூட்டாரு?" என்றாள். நான் சொன்னேன், "தாத்தாவுக்கு முட்டி வலிம்மா, படி ஏற முடியல" என்று. உங்கள் கடிதம் அதற்கு மூன்று நாள் கழித்து வந்தது. இந்த ஒன்றரை வருடத்தில் நீங்களும் நானும் ஒத்துப்போனது இந்த ஒரு பொய்யில்தான்.

அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். யோசித்து ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டாள். "அப்போ அடுத்த வாட்டி நான் கீழ போய் சேர் போட்டு உக்காந்துக்கறேன். தாத்தா ஏற வேணாம்" என்கிறாள். நேற்றுப் பூவம்மாவிடம் நாற்காலிக்குச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

நான் விடமாட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் தேதி சனிக்கிழமை. அன்றைக்கும் சமைப்பேன். அவள் மேலேதான் நிற்பாள். பக்கத்தில் அவள் மாமன் நிற்பான். என் மகள் உங்களுக்காக ஒரு படிகூட இறங்கி வரமாட்டாள்.

மகிழினி ஜெபசிங்